கரண்ட் போகாத ஊரில் ஐந்து மணி நேரம்

கட்டிலின் ஓரத்தில் நின்று ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில், சின்ன வட்டக் கண்ணாடிக்குள் இருக்கிற முள். அது பாதியில் நின்றது. பாதி என்றால் ஐந்து மணி நேரம். அதற்கு மேல் என் மனைவி ராணிக்கு மூச்சு இல்லை.

கார்த்திகை மாதம். புயல் கரையேறிய ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. நெய்வேலி டவுன்ஷிப்பில் கரண்ட் இல்லை.

கடைசியாகச் சொன்ன இந்தச் செய்தியை வெளியூரில் வாசிக்கிற அடியார்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தாண்ட மாட்டார்கள். மண்ணைப் பிளந்து, நிலக்கரி எடுத்து, எரித்து, ஊர் ஊராக வெளிச்சம் அனுப்புகிற இடம் இது. நான் சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷனில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பெல்ட்டின் மேல் நிலக்கரி ஒரு பழுப்பு நிற ஆறு மாதிரி என் கண்முன்னால் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. அது நிற்காது. அது நிற்காதவரை எங்கள் குவார்ட்டர்ஸ் விளக்கும் நிற்காது. இப்படித்தான் நாங்கள் நம்பி வாழ்ந்தோம். சோறு பொங்குவது கரண்ட் அடுப்பில். குழாயைத் திறந்தால் தண்ணீர். மெழுகுவத்தி வாங்கினால் அது பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு. தீப்பெட்டி என்று ஒன்று வீட்டில் இருந்ததே சாமி விளக்குக்காகத்தான்.

என் கதையை நம் கூட்டு வழிபாட்டு இதழில் எழுதச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்கிறார்கள். எனக்குக் கூச்சம். கடவுள் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்யாததையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

ராணி மதுரைப் பக்கத்துக்காரி. அவளுக்கு நுரையீரல் இறுகிப்போகிற நோய். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது காய்ந்த தேங்காய்நார் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆடி மாதம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மிஷினோடு அனுப்பினார்கள். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கில் வைத்த குழாய்க்கு அனுப்பும். நாள் முழுக்க ஓட வேண்டும். கரண்டில்தான் ஓடும். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டரும், அதைத் திறக்க ஒரு சாவியும் கொடுத்தார்கள்.

“பேக்கப்புக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுருங்க சார்” என்றார் நர்சம்மா.

“நெய்வேலியில கரண்ட் போகுமா சிஸ்டர்?” என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அவருக்கும் இதே ஊர்தானே.

மிஷினுக்குத் தனியாக பிளக் பாயிண்ட் போட முத்தாண்டிக்குப்பத்திலிருந்து குமரேசன் வந்தார். திருவிழாக்களுக்கு மைக்செட், சீரியல் லைட் போடுகிறவர். திருவிழா இல்லாத நாளில் வயரிங் வேலை. ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே அவரும் சொன்னார்.

“சார், பேட்டரி ஒண்ணு வச்சிக்குங்க. எங்கூர்ல தூறல் போட்டாலே கரண்ட் போயிடும். நாங்க பழகிக்கினோம். நீங்க பழகல.”

“உங்க ஊருக்குக் கரண்ட்டே எங்க ஊர்ல இருந்துதானப்பா வருது.”

“வருது சார். வழியில அங்கங்க உக்காந்துக்கினு வருது.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பேட்டரி மட்டும் வாங்கவில்லை. சிலிண்டரைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தினோம். ஒரு வாரத்தில் அது துண்டு காயப்போடுகிற கம்பமாகிவிட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். ஐப்பசியில் ஹாலில் இருக்கிற சாமி மாடத்தில் ஒரு விளக்கு ஏற்றினேன். நாற்பத்தெட்டு நாள் அணையக் கூடாது. எண்ணெய் வற்றுவதற்குள் ஊற்றி, திரி கருகுவதற்குள் தூண்டி, ஷிப்டுக்குப் போகிற நாளில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனலட்சுமி அக்காவிடம் சாவி கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். ராணி படுக்கையறையிலிருந்து கதவு வழியாக அந்தச் சுடரைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். சிலிண்டரைத் திறந்தால் அந்த அறையில் நெருப்பு இருக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். மிஷினுக்கும் எட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அதனால்தான் விளக்கு ஹாலின் கடைக்கோடியில் இருந்தது.

“அது எரியுற வரைக்கும் நான் இருப்பேங்க” என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்புறம் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

புயல் வந்தது நாற்பத்தோராம் நாள்.

விடிகாலை ஐந்தரைக்கு மிஷின் கத்தியது. நீளமான, ஒற்றைக் குரல். கண் விழித்தபோது மின்விசிறி கடைசிச் சுற்றில் இருந்தது. வெளியே காற்று மரங்களைப் பிடித்து உலுக்குகிற சத்தம். எங்கள் ஊர் மரங்கள் பெரியவை. நாற்பது, ஐம்பது வருடத்து மரங்கள். அவை முறிகிற சத்தம் பட்டாசு மாதிரி இருக்காது. யாரோ பெரிய துணியை நடுவில் கிழிப்பது மாதிரி, மெதுவாக, வலிக்க வலிக்கக் கேட்கும்.

ராணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின.

சிலிண்டர் மேல் கிடந்த துண்டுகளை எறிந்தேன். சாவியைத் தேடினேன். அலமாரி, மருந்து டப்பா, டி.வி. மேஜை, அவளுடைய தலையணைக்கு அடியில். இல்லை. செல்போன் வெளிச்சத்தில் தேடினேன், அதில் சார்ஜ் பத்து சதவீதம். கடைசியில் டூல்ஸ் பையிலிருந்த ஸ்பேனரால் வால்வைப் பிடித்துத் திருகினேன். கை வழுக்கியது. மறுபடி திருகினேன். உஸ் என்று ஒரு சத்தம். உலகத்தில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

முள்ளைப் பார்த்த பிறகு அந்த இனிமை போய்விட்டது. நிறைந்து வந்த சிலிண்டர் எப்படிப் பாதியானது? யோசித்ததும் தெரிந்துவிட்டது. ஆவணியில் ஒருநாள் நான்தான் சோதித்துப் பார்க்கிறேன் என்று திறந்து, சரியாக மூடாமல் விட்டிருக்கிறேன். மூன்று மாதமாக என் மனைவியின் மூச்சு துண்டுகளுக்கு அடியில் கசிந்து போயிருக்கிறது.

தனலட்சுமி அக்கா குடையில்லாமல் ஓடி வந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குப் போய் சுரங்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, பைப்புல தண்ணி வர்ல. மோட்டாருக்குக் கரண்ட் இல்ல. உங்க வூட்ல எவ்ளோ புடிச்சி வச்சிருக்கீங்க?”

“ஒரு வாளி இருக்கும்கா.”

“ஒரு வாளி.” அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “டிரம்மு எதுக்குக்கா, குழாய் பாட்டுக்கு ஊத்துதேன்னு சொன்னீங்க. பரவால்ல, என் டிரம்மு ரொம்பி இருக்குது. நீங்க போயி ஆஸ்பத்திரியில சொல்லுங்க. ராணிய நான் பாத்துக்கறேன்.”

செல்போனில் டவர் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகளுக்கு எங்கள் நிலை தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வாள். ஓடினேன். எங்கள் தெருவிலேயே மூன்று மரங்கள் குறுக்கே கிடந்தன. மெயின் ரோட்டில் எண்ண முடியவில்லை. மின்கம்பிகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன. சில இடத்தில் மரத்துக்கு மேலே ஏறினேன், சில இடத்தில் அடியில் தவழ்ந்தேன். மருத்துவமனையில் இருந்தவர்கள் நல்லவர்கள். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். ரோடு திறந்ததும் முதல் ஆம்புலன்ஸ் உங்களுக்குத்தான் என்றார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டேன். பெயர் எழுதிய அம்மா ஜன்னலைப் பார்த்தார். “காத்து நின்னாதான் சார் மரம் வெட்ட ஆளு எறங்கும். மதியம் தாண்டிரும்.”

என் முள்ளுக்கு மதியம் தெரியாது. அதற்குப் பதினொன்றுதான் எல்லை.

திரும்பி வந்தபோது எட்டேகால். ராணியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று அக்காவும் நானும் யோசித்தோம். இரண்டரை கிலோமீட்டர். சிலிண்டரையும் ஒருவர் தூக்க வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு வேப்பமரத்தின் கிளை ஒன்று நாங்கள் நடக்க வேண்டிய பாதையில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

குழாயின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். இரண்டு லிட்டரிலிருந்து ஒன்றரைக்கு. அரைமணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற கருவியில் எண் எண்பத்தொன்பதிலிருந்து எண்பத்தாறுக்கு இறங்கியது. அவள் உதட்டைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தேன். முள்ளைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தேன். இரண்டையும் பார்க்க முடியாமல் போனபோது சாமி மாடத்தைப் பார்த்தேன். சுடர் படபடத்துக்கொண்டு நின்றது.

ஒன்பதரைக்குப் படுக்கையறை ஜன்னல் உடைந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த தகரம். கண்ணாடி கட்டில் முழுக்கச் சிதறியது. மழை உள்ளே சாய்ந்து அடித்தது. ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை, போர்வை காப்பாற்றியது. ஆனால் அந்த அறையில் இனி இருக்க முடியாது. நனைந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் நுரையீரல் தாங்காது. அடுப்படியில் ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடமில்லை. ஹால்தான் மிச்சம்.

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. சிலிண்டர் ஓடும்போது பக்கத்தில் நெருப்பு இருந்தால் என்ன ஆகும் என்று சுரங்கத்தில் வேலை பார்க்கிறவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அடுப்படிக்குக் கதவு கிடையாது, அங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதேதான்.

“குடுங்க தம்பி, நான் எங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன். வாளிக்குள்ள வச்சி மூடிக்கறேன்” என்றார் அக்கா. நான் வாசலைப் பார்த்தேன். காற்றில் கதவே நிற்கவில்லை. இரண்டு படி இறங்குவதற்குள் அது அணைந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். அணைந்தால் ஆயுள் முழுக்க அந்தப் பழியை அவர் சுமப்பார். அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“வேண்டாம்க்கா. நானே மலையேத்திடறேன்.”

ராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது.

“ஏழு நாளுதான... இருக்கு.”

“ராணி, சிலிண்டர் ஓடுது. வெளக்கு இருக்கக் கூடாது.”

“அத அமத்தணும்னா...” அவளால் முடிக்க முடியவில்லை. மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினாள். சுருட்டி என் கையில் வைத்தாள். “இத அமத்துங்க.”

அன்பர்களே, எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். அவளை அதட்டிப் பேசியதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் போட்ட சத்தம் அதுவரை போடாதது. தனலட்சுமி அக்கா பயந்து ஓரடி பின்வாங்கினார். குழாயை மறுபடி அவள் மூக்கில் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். வைத்தேன். மறுபடி திருப்பினாள். கருவியில் எண் எழுபத்தெட்டு. அப்போது அவளாகவே தளர்ந்து சுவரில் சாய்ந்தாள். எதிர்க்கத் தெம்பு இல்லை. அக்கா அவளைத் தாங்கிப் பிடித்துக் குழாயைச் சரியாகப் பொருத்தினார். “இரும்மா, இரும்மா, கண்ணு, மூச்ச மட்டும் பாரு.”

நான் மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். பூவால் ஒற்ற வேண்டும், அல்லது ஒரு துளி பால் விட வேண்டும். பூ இல்லை. நேற்று வாங்கிய பால் பாக்கெட் காய்ச்ச வழியில்லாமல் கிடந்தது. பல்லால் கிழித்தேன். விரலில் தொட்டேன். நாற்பது நாளாக எத்தனையோ தடவை இந்தச் சுடர் மங்கும்போதெல்லாம் தூண்டிவிட்ட விரல் அது. முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. துளி விழுந்தது. சுர்ரென்று ஒரு சத்தம். ஒரு நூல் புகை. அவ்வளவுதான். ஹால் இருண்டது.

ராணியைப் பாயில் படுக்க வைத்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று மூடிக்கொண்டாள்.

நான் மாடத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அதுவரை நான் வேண்டியதெல்லாம் ஒரு மாதிரி பேரம். இத்தனை நாள் விளக்கு, அதற்கு இத்தனை நாள் ஆயுசு. இப்போது என் தட்டில் வைக்க எதுவும் இல்லை. நான் கொடுத்ததையும் நானே எடுத்துவிட்டேன். அதனால் அன்றைய பிரார்த்தனை சின்னதாக இருந்தது. ‘அணைத்துவிட்டேன் முருகா. என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. நீ வந்தால் உண்டு.’ இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா என் தோளைத் தொட்டார்.

“தம்பி, ஏதோ சத்தம் கேக்குது.”

காற்றுக்கு நடுவில் ஆண்களின் குரல். தெருமுனையிலிருந்து. ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். காற்று அதைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தது. மறுபடி கேட்டபோது முழுசாகக் கேட்டது.

“அரோகரா.”

மனம் பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ராணி கண்ணைத் திறந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். குறுக்கே கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு மூங்கில் தண்டு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். சட்டையில்லாத தோள்கள். தண்டுகளுக்கு நடுவில் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய ஏதோ ஒன்று. சாமி தூக்குகிற மாதிரியே தூக்கிக்கொண்டு, ஒரு மரத்தைத் தாண்ட வேண்டி வரும்போதெல்லாம் முன்னால் இருக்கிறவர் குரல் கொடுக்க, மற்ற மூவரும் “அரோகரா” என்று ஒரே மூச்சில் உயர்த்தினார்கள். முன்னால் இடது தண்டில் இருந்தவர் குமரேசன்.

“மிஷின் ஓடுதா நிக்குதா சார்? அத மட்டும் சொல்லுங்க.”

“நின்னுருச்சு. சிலிண்டர் தீரப்போகுது.”

“எவ்ளோ நேரம் இருக்குது?”

உள்ளே ஓடிப் பார்த்தேன். முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பத்தே முக்கால்.

அவர்கள் கொண்டுவந்தது ஜெனரேட்டர். திருவிழாவில் சீரியல் லைட்டுக்கு ஓட்டுகிற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னேன். குமரேசன் என்னை ஒதுக்கிவிட்டார். “பொகை சார். அந்தம்மாவுக்கு ஆவாது. வெளியதான்.” அக்காவின் சைக்கிள் ஷெட்டில் வைத்து, உடைந்த ஜன்னல் வழியாக வயரை இழுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஸ்டார்ட்டர் கயிற்றை ஒருமுறை இழுத்தார், ஓடவில்லை. இரண்டாவது முறையும் ஓடவில்லை. தோள் கொடுத்து வந்த ஒருவர், “வெக்கப்படுதுடா. நெய்வேலிக்கே கரண்டு குடுக்கணும்னா அதுக்கும் பயமா இருக்காதா” என்றார். மூன்றாவது இழுப்பில் ஓடியது.

மிஷின் முனகியது. பிறகு அதன் பழைய மூச்சு. குழாயை மாற்றினோம். எண்பது. எண்பத்து மூன்று. வெகுநேரம் எண்பத்து மூன்றிலேயே நின்றது. எண்பத்தெட்டு. தொண்ணூறு வந்தபோது ராணி என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்.

“அவங்களுக்குத் துண்டு குடுங்க. நனைஞ்சு நிக்கிறாங்க.”

நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. எப்படி வந்தீர்கள் என்று குமரேசனைக் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

“எங்க வூட்டு மொட்டமாடியில நின்னா எப்பவும் இந்தப் பக்கம் வானம் மஞ்சளா இருக்கும் சார். மூடாக்கு போட்டாலும் தெரியும். விடியக்காத்தால தண்ணி டேங்க்க கட்டலாம்னு ஏறுனா, ஒண்ணுமே இல்ல. கருகும்முனு கெடக்குது. எறங்கி வந்து சொன்னேன். எம்பொண்டாட்டிதான் ஒடனே கேட்டா, ‘அந்த மதுரக்காரம்மா வூட்ல மிஷின் மாட்டுனேன்னு சொன்னியே, பேட்டரி வச்சிக்கினாங்களா?’ன்னு. எங்க வச்சிக்கினாங்க, சிரிச்சாங்கன்னேன். ‘அப்ப எடுத்துக்கினு ஓடு’ன்னா. இவனுங்க எங்கூரு சாமி தூக்கறவனுங்க. பாதி வழிக்கு மேல வண்டி வர்ல. எறக்கித் தோள்ல வச்சிக்கினோம்.”

“அரோகரா எதுக்கு?”

“தண்டு தோள்ல ஏறிச்சின்னா வாயில தானா வந்துடும் சார். அது இல்லாம இவனுங்களுக்குக் காலு நவுராது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்து பின்பக்கம் போய் மழையில் நின்றேன். அழுததை யாரும் பார்க்கக் கூடாது என்று.

ஆம்புலன்ஸ் இரண்டு மணிக்கு மேல் தெருமுனை வரை வந்தது. விரல் கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டு, இந்த ரோட்டில் ஆட்டி அலைக்கழிக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று நிறைந்த சிலிண்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். கரண்ட் வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதுவரை எங்கள் வரிசையில் இருந்த ஒவ்வொரு ஸ்கூட்டரும் பைக்கும் தன் டேங்க்கிலிருந்து பெட்ரோல் கொடுத்தது. விழுந்த கிளைகளை ஒடித்து, கல் கூட்டி, தனலட்சுமி அக்கா தெருவுக்கே சோறு பொங்கினார். டவுன்ஷிப்பில் விறகுப் புகை வாசனையை நான் அப்போதுதான் முகர்ந்தேன்.

இப்போது நான் நினைத்துப் பார்க்கிறேன். முருகன் ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்குத்தான் வந்தானா? ஆடியில் நர்சம்மாவின் வாயில் வந்தான், சிரித்தேன். ஸ்குரூ முறுக்கிக்கொண்டே குமரேசனின் வாயில் வந்தான், அப்போதும் சிரித்தேன். ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று நான் சொன்னது பல தடவை என் சோம்பலுக்கு வைத்த பெயர். அதைக்கூட அவன் மன்னித்து, நாலு பேர் தோளில் ஏறி மரம் தாண்டி வந்தான்.

மண்டலம் பாதியில் நின்றது தோஷம், முதலிலிருந்து ஏற்றுங்கள் என்று நம் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். ராணி பதில் சொன்னாள். “நாப்பத்தொண்ணோட அவனுக்கே போதும்னு தோணிருச்சுண்ணே. ஆளனுப்பிட்டான்ல.” அவரும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு மாறிவிட்டது. இன்வெர்ட்டர் வாங்கி குமரேசனே மாட்டினார். காஸ் அடுப்பு வந்தது. அக்காவின் டிரம்முக்கு ஜோடியாக இன்னொரு டிரம். பத்து நாள் மருந்து தனி டப்பாவில். வேண்டிய போன் நம்பர்கள் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால், ஏனென்றால் செத்துப்போன செல்போனில் நம்பர் இருந்து பயனில்லை. சிலிண்டர் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கட்டி அதன் கழுத்திலேயே மாட்டிவிட்டோம். பின்பக்கம் முருங்கை, நாலு பாத்தி கீரை.

இதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டால் போதாது என்று ராணிதான் சொன்னாள். அதனால் மாதாமாதம் கிருத்திகை அன்று நாங்கள் விரதத்தோடு இன்னொரு விரதமும் இருக்கிறோம். காலை பத்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். மதியம் இரண்டு வரை வீடு தன் காலில் நிற்க வேண்டும். முதல் கிருத்திகையில் இன்வெர்ட்டரின் வயர் மிஷின் பாயிண்டுக்கு வரவில்லை என்று தெரிந்தது. அடுத்ததில் தீப்பெட்டி நமுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று அம்பலமாகிறது. ராணி கடிகாரத்தை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்தே அதிகாரம் பண்ணுகிறாள். இப்போது எங்கள் வரிசையில் ஏழு வீடுகள் பத்து மணிக்கு இருளுகின்றன. அந்த நாலு மணி நேரமும் நான் அவன் பெயரைச் சொல்கிறேன். பயத்தில் சொல்வதற்கும் ஆயத்தமாக இருந்து சொல்வதற்கும் ருசி வேறு.

அவள் நோய் குணமாகவில்லை. அதை மறைத்து எழுதினால் இது சாட்சி ஆகாது. ஆனால் அவள் இருக்கிறாள். அன்றைக்குப் பதினொரு மணியோடு முடிந்திருக்க வேண்டிய மூச்சு இன்றைக்கும் பக்கத்து அறையில் கேட்கிறது. நீங்களும் நம்புங்கள். நம்புகிறவர்கள் டிரம்மையும் நிரப்பி வையுங்கள். வருகிற கிருத்திகைக்கு உங்கள் வீட்டு மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அவன் உங்களிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அந்த நிசப்தத்தில் கேட்கும்.

போன மாசியில் ஒரு பகல் நேரம், வேறு பிளாக்கிலிருந்து ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். முன்பின் தெரியாதவர். செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். அப்பாவுக்கு ஓடுகிற மிஷின் நின்றுவிட்டது, மெக்கானிக் வர நேரமாகும், உங்களிடம் சிலிண்டர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள் என்றார். எங்களிடம் இரண்டு இருந்தன, இரண்டும் நிறைந்தவை. நான் ஒரு கணம் தயங்கினேன். உள்ளேயிருந்து ராணியின் குரல் வந்தது.

“என்ன நிக்கிறீங்க? குடுத்துவிடுங்க. நீங்களும் கூடப் போயி மாட்டிக் குடுத்துட்டு வாங்க.”

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.